சென்சரா, என் காலா?

"கியர் மாத்தத் தேவையில்லாத காரையே நடுறோட்டில நிப்பாட்ட உன்னாலதான் ஏலும், கொன்ஸ்ரன்ஸ்."

என் கணவர் றொஹான் இதை முதல் தடவை சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை கையிலிருந்த அகப்பையைக் கழுவுதொட்டிக்குள் எறிந்தேன். அந்தச் சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், வகுப்பு வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில். கிழமைக்கு நாலு நாள், பின்நேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். பத்தொன்பது வருடம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். நாற்பத்து நாலாவது வயதில்தான் கார் ஓடப் பழகினேன். வேரஹெரயில் லைசன்ஸ் ட்ரையல் முதல் தடவையே பாஸ். றொஹான் மூன்று தடவை போனவர். அதை நான் வாய் தவறியும் சொல்லிக் காட்டுவதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கார் சின்னதொரு ஜப்பான் கார். என் சொந்த உழைப்பில் வாங்கியது. நாலு வருடம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. பிறகு மார்ச் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பம்பலப்பிட்டியில், லைற் பச்சைக்கு மாறின நேரத்தில் நின்றுபோனது.

அது நிற்கும் விதம் இதுதான். கொள்ளுப்பிட்டி வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. ஏசி போட்டு, வெயிலில், முன்னால் நிற்கும் வானின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். எஞ்சின் சத்தம் இறங்கும். பிறகு ஒன்றுமே இருக்காது. பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஹோன் அடிப்பார்கள். பத்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினால், ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

றொஹான் கொழும்பு ஹாபரில் கிளார்க். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும், நிறையத் தெரிந்தது போலக் கதைப்பார். இரண்டு தடவை டாஷ்போர்டில் மஞ்சள் லைற் எரிந்தது. இரண்டு தடவையும் ஸ்பனரோடு கீழே போய் பற்றரி டேர்மினலைக் கழற்றிப் பூட்டினார். லைற் அணைந்தது. "ரீசெட் பண்ணிட்டன். இனி நீ அக்சிலேட்டரை மெதுவா மிதி" என்றார்.

"மிதிக்கேக்க நிக்கேல்ல றொஹான். சும்மா நிண்டு கொண்டிருக்கேக்க நிக்குது."

"வின்சன்றும் இதே கார்தானே வச்சிருக்கிறான்? விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் ஆள் ஏத்தி ஹயர் ஓடுறான். ஒருநாள் நிண்டுதா? அதே கார், அதே எஞ்சின். ஓடுற ஆள்தான் வேற."

வின்சன்ற் அவருடைய தம்பி. களனியில் இருக்கிறான். நானும் அவனும் ஒரே மாதத்தில் வாங்கிய கார்கள், நிறம்கூட ஒன்று. அந்த நியாயம் சரி போலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பக்கத்து வீதி கராஜில் பிளக் மாற்றினார்கள், எதையோ கழற்றித் துடைத்தார்கள். காலை எட்டரைக்கு, ஏசி போடாமல், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, லூசியா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மெக்கானிக் பாஸ் சிங்களத்தில் சொன்னார்: "கார் எக்க ஹொந்தாய் மிஸ். லெடக் நே." காருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். அப்படியென்றால் வருத்தம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற றொஹானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். காரோடு கராஜுக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

நாரஹேன்பிட்டியில் பெரிய இடமொன்றுக்கும் கொண்டுபோனேன். ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்தார்கள். பழைய பிழைகள் எதுவுமே பதிவாகி இல்லை என்றார்கள். கழுத்துப்பட்டி கட்டிய பையன் ஒருவன் மிகவும் மரியாதையாக, "மேடம் பிரேக்குக்கு இடது காலும் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டான். வயது வித்தியாசம் மட்டும் இல்லாவிட்டால் அவனை அறைந்திருப்பேன்.

இதற்கிடையில் நான் மெல்ல மெல்ல என்னையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டேன். அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிவப்பு லைற்றில் நிற்கும்போது குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். சரியான இடத்தில்தான் இருக்கும். இருந்தாலும் கார் நிற்கும். நின்றதும், பார்த்த நேரத்தில் கால் அசைந்துவிட்டதோ என்று யோசிப்பேன். பிள்ளைகளுக்கு, அளவிடாமல் முடிவு சொல்லாதே என்று கத்துகிறவள் நான். எனக்கு நானே அளவிடாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கிழமை வியாழக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நின்றது. இந்தத் தடவை ஊரவில்லை, கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் செத்ததும் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்த சத்தத்தில் நடைபாதையில் போன சனம் அப்படியே நின்றது. கண்ணாடியில் பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கொண்டக்டர் இறங்கி வந்து என் அம்மாவைப் பற்றி, அவரைத் தெரிந்தவன் போலக் கதைத்தான். அன்றைக்கு வகுப்பில் சுலபமான கணக்கொன்றைப் பலகையில் பிழையாகச் செய்தேன். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் திருத்தவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். றொஹான் கையை நீட்டினார்.

"சாவியைத் தா. போதும். நீ இனி ஓடவேண்டாம். எல்லாருக்கும் எல்லாம் சரிவராது, கொன்ஸ்ரன்ஸ்."

கொடுத்தேன். அவ்வளவு சண்டைக்காரி, வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்தேன். மறுபடி இரண்டு பஸ். முதல் நாளே யாரோ என் செருப்பை மிதித்து வாரை அறுத்தார்கள். வகுப்புக்கு இருபது நிமிடம் பிந்திப் போய், அறுந்த செருப்பை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு படிப்பித்தேன்.

பஸ்ஸில் போன இரண்டாவது கிழமையில் றிஸ்லா என்னைப் பிடித்தார். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். "கார் எங்க மிஸ்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கொட்டிய கொட்டலில் பாவம், அரை மணித்தியாலம் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசியில், "எங்கட தம்பி ரிம்ஸானுக்கிட்ட ஒருக்காக் காட்டுங்க மிஸ். மாளிகாவத்தையில கராஜ் ஈக்கி. அவன் அதிகம் பேச மாட்டான்" என்றார். அந்தக் கடைசி வசனத்துக்காகவே போனேன். அடுத்த நாள் றொஹான் வேலைக்குப் போனதும் அலுமாரியில் அவருடைய சேட்டுகளுக்குக் கீழே இருந்த சாவியை எடுத்தேன். என் சொந்தக் காரின் சாவியைத் திருட்டுத்தனமாக எடுக்கவேண்டி இருந்தது.

ரிம்ஸானின் கராஜ் மாடிவீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். முப்பத்தைந்து வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்கத் தொடங்கினான். எத்தனை மணிக்கு நிற்கிறது, ஏசி போட்டா போடாமலா, புறப்பட்டு எத்தனை நிமிடத்தில். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டி வாசித்தான். அதுவரைக்கும் அந்தக் கொப்பியை ஒருவரும் கேட்டதில்லை.

"இடைக்கிட பற்றரி டேர்மினல் கழட்டினதா மிஸ்?"

"ஓம். என்ர ஹஸ்பன்ட். லைற்றை அணைக்கிறதுக்கு."

"அதான் ஸ்கேனர்ல ஒண்டும் இல்ல. கழட்டினா எல்லாம் அழிஞ்சி போகும்." ஒரு சின்ன ஸ்கேனரைக் காரில் பூட்டினான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னான். திரையில் 100 என்று வந்தது. "இது பிரஷர் சென்சர் காட்டுற கணக்கு மிஸ். எஞ்சினுக்குள்ள போற காத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் செல்றது இதுதான். அந்தக் கணக்கைப் பாத்துத்தான் கம்ப்யூட்டர் பெற்றோல் விடும். எஞ்சின் ஓடாதப்ப வெளிக்காத்தும் உள்காத்தும் ஒண்டு. அப்ப நூறு காட்டணும்."

"வளிமண்டல அமுக்கம்" என்றேன்.

"அதேதான். இப்ப நூறு ஈக்கி. ஆனா எஞ்சின் இன்னும் சூடாகல்ல." மறுபக்கமாகச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். "ஓட்டுங்க மிஸ். வளமையாப் போற பாதையால. ஏசியும் போடுங்க."

"நானா?"

"நீங்க ஓட்டக்கொள்ளதானே நிக்கிது? நான் ஓட்டி என்னத்துக்கு?"

இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் நியாயமான வார்த்தை அது. காரை எடுத்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டினோம். ரிம்ஸான் திரையை மடியில் வைத்துக்கொண்டு என் காலைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தான். இரண்டரை மணி வெயில், நல்ல நெரிசல். பம்பலப்பிட்டியில் கார் நிற்கவில்லை. இன்றைக்கென்று பார்த்து நிற்காமல் விட்டு என் மானத்தை வாங்கப்போகிறது என்று நினைத்தேன். நில்லேன், நாசமாய்ப் போன சனியனே, நில்லேன் என்று வாய்க்குள் திட்டினேன்.

வெள்ளவத்தைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டியரிங் நடுங்கியது. சத்தம் இறங்கியது. நின்றது.

"யா அல்லாஹ்" என்றான் ரிம்ஸான், திரையைப் பார்த்தபடி.

நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். பின்னால் ஹோன் அடித்தவர்களுக்கு, காலி வீதி நடுவில் காரை நிறுத்திவிட்டுக் கை தட்டும் பொம்பிளை பைத்தியமாகத்தான் தெரிந்திருப்பாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

"திறப்பைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வாணாம். பாருங்க, எவ்வளவு?"

திரையில் 61 என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையுச்சியில்கூட எழுபத்தைந்துக்குக் கிட்ட இருக்கும். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு அறுபத்தொன்றாம். அந்தச் சென்சரை நம்பிய பாவத்துக்கு, எஞ்சின் தான் ஏதோ இமயமலையில் நிற்பதாக நினைத்துப் பெற்றோலைக் குறைத்து, மூச்சடங்கிச் செத்துக்கொண்டிருந்தது.

"சூடாகினா பொய் செல்லுது" என்றான் ரிம்ஸான். "ஒங்கட கால்ல ஒரு பிழையுமில்ல மிஸ்."

நான் கேட்கவே இல்லை. காலைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவும் இல்லை. என்னைப் போல எத்தனை பேர் அவனிடம் வந்திருப்பார்களோ தெரியாது.

காரை ஒரு ஓரத்துக்குத் தள்ளினோம். பொனற்றைத் திறந்து, ஒரு வயரை இழுத்து, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றிச் சென்சரை வெளியே எடுத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டைவிரல் அளவுக் கறுப்புச் சாமான். அதைத் திருப்பிப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"இது காரோட வந்தது இல்லையே. ஆரு மிஸ் மாத்தின?"

"ஒருத்தரும் மாத்தேல்ல."

"இல்ல மிஸ், இது பஞ்சிகாவத்தைச் சாமான். பழைய கார்ல கழட்டி விக்கிறது. கடைக்காரன் மாக் போட்டுத்தான் தருவான். வாங்குற ஆள்ற வாகன நம்பரை எழுதுவான். திருப்பிக் கொண்டு வந்தா வேற சாமானை மாத்திக்கொண்டு வந்து ஏமாத்தாம ஈக்கிறதுக்கு. பாருங்க."

வெள்ளைப் பேனையால் நாலு இலக்கம் எழுதி இருந்தது. 7318. என் காரின் இலக்கம் அதுவல்ல. ஆனால் அந்த இலக்கத்தை எனக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிவீட்டு முற்றத்தில் என் காருக்குப் பக்கத்தில் அது நின்றிருக்கிறது. வின்சன்றின் கார்.

ரிம்ஸான் பையில் கொண்டுவந்திருந்த வேறொரு சென்சரைப் பூட்டினான். அன்றைக்கு முழு வகுப்பும் படிப்பித்துவிட்டு, ஏசி போட்டு, நெரிசல் நேரத்திலேயே கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். ஒரு தரமும் நிற்கவில்லை. பழைய சென்சர் கைப்பைக்குள் இருந்தது.

றொஹான் வேலையால் வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். சென்சரை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்துப் பார்த்தார்.

"எங்க கொண்டுபோய்க் காட்டினனீ?" என்றார்.

"இது என்ன எண்டு கேக்கேல்லையே நீங்க."

அதற்குப் பிறகு அவருக்கு உண்மையைச் சொல்வதைவிட வேறு வழி இருக்கவில்லை. மார்ச் மாதம் வின்சன்றின் கார்தான் முதலில் பழுதாகி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் இந்தச் சென்சரை வாங்கிப் போட்டிருக்கிறான். அதுவும் சரியில்லை, கடைக்காரன் மாற்றித் தரவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது, பிழை சென்சரில்தானா என்று பார்ப்பதற்காக அண்ணனும் தம்பியுமாகக் கீழே இரண்டு காரின் சென்சரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நான் மேலே அவர்களுக்கு இறால் பொரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஒரு நாளைக்கெண்டுதான் மாத்தினது. அவன்ர கார் நல்லா ஓடத் தொடங்கிட்டுது. அவன் ஹயர் ஓடுறவன், கொன்ஸ்ரன்ஸ். நீ வெள்ளவத்தைக்குத்தானே போறாய். உன்ர காரில பிரச்சினை குடுக்காது எண்டு நினைச்சன்."

"குடுத்துதே."

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் போனை எடுத்து வின்சன்றுக்கு அடித்தேன். விசயத்தைச் சொன்னதும் அவன் பதறிப்போனான். "ஐயோ அண்ணி, எனக்குத் தெரியாது. உங்களிட்டக் கேட்டதாம், நீங்க ஓம் எண்டு சொன்னதாம் எண்டுதானே அண்ணன் சொன்னவர். உங்கட கார் நிக்குது எண்டுகூட எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. இப்பவே கழட்டிக் கொண்டுவாறன்." வேண்டாம், நீ ஓடு, எனக்கு வேறு போட்டாயிற்று என்றேன். அவனில் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்காமலே என் வாயால் ஓம் என்று சொல்ல வைத்தவரைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுவம் எண்டுதான் இருந்தன்" என்றார். "முதல் நாளே கால் எண்டு பகிடியாச் சொல்லிப்போட்டன். பிறகு எப்படிச் சொல்றது? நாள் போகப் போகச் சொல்லக் கஷ்டமாப் போச்சு."

"சந்தைக்கு முன்னால பஸ் வந்து நிண்ட அண்டைக்கும் சொல்லேல்ல. நான் அழுதனான்."

"அதுதானே சாவியை வாங்கினனான்." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. தன் பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதாக உண்மையிலேயே நம்பினார். "உனக்கு ஏதும் நடந்திடும் எண்ட பயத்திலதான் வாங்கினனான். நீ ஓடாம விட்டால் ஆபத்தும் இல்லை, அவனிட்டத் திருப்பிக் கேக்கவும் தேவையில்லை."

அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு இருந்தது ஆத்திரம். கத்தினால் தீர்ந்துவிடும் ஆத்திரம். இதைக் கேட்ட பிறகு கத்த வரவில்லை. ஒரே ஒரு திருகாணி. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்வதைவிட, என்னைப் பஸ்ஸில் அனுப்புவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. கார் ஓடத் தெரியாதவள் என்று நானே நம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பக்கத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டு.

"சொறி, கொன்ஸ்ரன்ஸ்" என்றார். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

இது நடந்து இப்போது இரண்டு மாதம். றொஹான் நல்லவராக இருக்கப் பாடுபடுகிறார். காரைக் கழுவுகிறார், பெற்றோல் அடித்துக்கொண்டு வருகிறார், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சென்சர் பிழைவிட்ட கதையைச் சொல்கிறார். அந்தக் கதையில் சென்சர் எப்படி மாறியது என்ற பகுதி மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் நான் நடுவில் புகுந்து அதைச் சொல்லி முடிக்கிறேன். சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கார் அதற்குப் பிறகு ஒரு தரமும் நிற்கவில்லை. ஆனால் பம்பலப்பிட்டியில் சிவப்பு லைற் விழுந்ததும் இன்றைக்கும் நான் குனிந்து என் காலைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றுவிட்டேன், முடியவில்லை. சென்சர் பொய் சொன்னது என்று எனக்குத் தெரியும், திரையில் அறுபத்தொன்றை என் கண்ணால் கண்டேன். இருந்தும் என் கால் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. சாவியை வாங்கியதைக்கூட என்றைக்காவது மறந்துவிடுவேன். இதற்கு மட்டும் நான் றொஹானை மன்னிக்கப் போவதில்லை.